வேகாததுக்குப் பொட்டு வைக்க மாட்டேன்

ஆகஸ்ட் 4, திங்கள்

வண்டு, உன் டைரியில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. புது வருசத்துக்குக் கடையில் கொடுத்த டைரி. பிப்ரவரி ஐந்தாம் தேதியோடு நீ நிறுத்திவிட்டாய். மிச்சப் பக்கத்தை வீணாக்க மனசு வரவில்லை. நீ எழுதின பக்கங்களை மொத்தமாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். அதைப் பிரிக்க மாட்டேன்.

ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இவ்வளவுதான் எழுத வரும். ஆள் முன்னால் புருசன் என்று உன்னை ‘நீங்க’ என்றேன், தனியாக இருந்தால் ‘வண்டு, நீ’ என்றேன். பொழுதெல்லாம் மூட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு திரிந்தவனுக்கு வேறு என்ன பேர் வைப்பது. இப்போது எந்நேரமும் தனிதான். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

சென்னைக்கு வந்துவிட்டேன். நீ வர ஆசைப்பட்ட ஊர். நான் வர மாட்டேன் என்று சண்டை போட்ட ஊர். ராசாமணி ஸ்டோருக்கு இது பன்னிரண்டாவது கடை. மேடவாக்கத்தில் மெயின் ரோட்டு மேலேயே இரண்டு மாடி. விருதுநகரிலிருந்து அண்டா குண்டாவோடு கடை லாரியிலேயே வந்தேன். பின் தெருவில் ஒரு வீடு பிடித்திருக்கிறார்கள். மாடியில் வேலைக்கு வந்த பிள்ளைகள் தங்கல், கீழே மெஸ். முப்பத்திரண்டு பேருக்கு மூன்று வேளை. எனக்கு அடுப்படியை ஒட்டி ஒரு அறை. ஊரில் நாம் இருந்த கம்பெனி வீட்டைப் புது மேஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பிப் போனால் நிற்க இடம் கிடையாது. அதை நினைத்துப் பயப்படவும் எனக்கு நேரம் கிடையாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தண்ணீர் உப்பு. சோறு மஞ்சளாக வடிகிறது.

ஆகஸ்ட் 9, சனி

கடையைப் போய்ப் பார்த்தேன். ஆடி முடிந்து ஆவணியில்தான் திறப்பு, இருபத்தொன்பதாம் தேதி. கண்ணாடிக் கதவு, குளிரு மெஷின். எதிர்ப்பக்கம் ஒரு பெரிய கடை, நம்முடையதைப் போல இரண்டு மடங்கு. முக்கு திரும்பினால் இன்னொன்று. இது போதாதென்று போனில் சொன்னால் பத்து நிமிசத்தில் வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிற கூட்டம் வேறு. கொத்தமல்லிக் கட்டு ஒன்று வாங்கக்கூட ஆள் வருகிறான், வண்டு.

மேனேஜர் நரேன் இந்த ஊர்க்காரர். இதற்கு முன் இரண்டு பெரிய கடைகளில் இருந்தவராம். மரியாதையான ஆள்தான். என்னை ஆன்ட்டி என்கிறார்.

பில் போட வந்திருக்கிற மாரிக்கனி அருப்புக்கோட்டைப் பிள்ளை. இருபத்திரண்டு வயசு. வாய் சும்மா இருக்காது. வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏத்தே, எல்லா மூட்டையிலயும் மஞ்சப் பொட்டு வச்சுருக்கே, அது சாமி கும்பிட்டதா?”

“சாமி இல்ல. நான் வச்சது.”

“நீங்க என்ன சாமிக்கு மேலயா?”

அவளுக்குச் சொன்னதை உனக்கும் எழுதி வைக்கிறேன். தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதினால் நீ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. கடையைத் தொடங்கின பெரியண்ணாச்சி, ஒத்தைக் கடை வைத்திருந்த காலத்திலேயே ஒரு சட்டம் போட்டார். நாம் தின்று பார்க்காததை ஊருக்கு விற்கக் கூடாது. எந்தச் சரக்கு வந்தாலும் கடை ஆட்கள் மெஸ்ஸில் முதலில் வேக வேண்டும். நீ குத்தூசியை மூட்டைக்குள் சொருகி ஒரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவாய். நான் வேகவைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அந்தப் பொட்டலத்தில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பேன். கையெழுத்துப் போடக் கூச்சப்பட்ட காலத்தில் ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. அதைப் பார்த்து நீ மூட்டைக்கெல்லாம் மஞ்சள் பெயிண்டில் பொட்டு வைப்பாய். பொட்டு இல்லாத மூட்டை கடை ஏறாது. பதினேழு வருசம்.

“பதினேழு வருசத்துல ஒண்ணாச்சும் தப்பிப் போயிருக்கா?” என்று கேட்டாள்.

அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நரேன் சார் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். துவரம்பருப்பு பாக்கெட். முன்பக்கம் பெரிசாக ஒரு மஞ்சள் பொட்டு அச்சடித்திருக்கிறது. கீழே ‘எங்கள் அடுப்பில் வெந்த பிறகே உங்கள் வீட்டுக்கு’ என்று எழுத்து.

“சென்னைல இந்த மாதிரி ஒரு கதை எந்தக் கடைக்கும் கிடையாது ஆன்ட்டி. நம்ம பலமே உங்க விரல்தான்” என்றார்.

“உள்ள இருக்கிற பருப்பு இன்னும் எனக்கு வரலையே சார்.”

“வரும் வரும். அச்சு முதல்ல குடுத்தாதான் டைமுக்கு வரும்.”

பொட்டு முதலில் வந்துவிட்டது. பருப்பு பிறகு வருமாம்.

ஆகஸ்ட் 20, புதன்

பருப்பு வந்தது. லோடு லோடாக இறங்குகிறது. நம் மார்க்கெட் சரக்கு இல்லை. துறைமுகத்துக் குடோனில் மலிவாகக் கிடைத்ததாம். எதிர்க்கடையை விடக் குறைந்த விலைக்குத் திறப்பு விழாவில் கொடுக்கப்போகிறார்கள். நோட்டீசில் அதுதான் தலைப்பு.

பிடியை நரேன் சார் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தனுப்பினார். நீயாக இருந்தால் கையில் ஏந்தி மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாய். நான் மோந்து பார்த்தேன். வாசனையே இல்லை. பழைய துணி மாதிரி இருந்தது. பார்வைக்கு மட்டும் நல்ல மஞ்சள், நல்ல மினுமினுப்பு.

நம் வழக்கப்படி குக்கர் இல்லாமல், உப்பு போடாமல், பாத்திரத்தில் வைத்தேன். நல்ல பருப்பு அரை மணியில் மசியும். முக்கால் மணி. ஒரு மணி. ஒன்றேகால் மணி ஆகியும் முழுசு முழுசாகக் கிடக்கிறது. விரலில் வைத்து நசுக்கினால் வழுக்கி ஓடுகிறது.

டப்பாவில் பொட்டு வைக்காமல் திருப்பி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நரேன் சாரே வந்துவிட்டார்.

“தண்ணி ஆன்ட்டி. இந்த ஏரியா போர் தண்ணி அப்படித்தான். எங்க வீட்லயும் பருப்பு வேகாது.”

நியாயமாகத்தான் இருந்தது. தண்ணீர் மேல் எனக்கும் சந்தேகம் உண்டு. அதனால் அவரையே ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன். போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர். மூன்று அடுப்பிலும் இந்தப் பருப்பு. அது முடிந்ததும் அதே மூன்று தண்ணீரில், நான் ஊரிலிருந்து கொண்டுவந்த நம் பருப்பு. நம் பருப்பு போர் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் முரண்டு பண்ணியது, ஆனால் வெந்தது. அவர் பருப்பு எதிலும் வேகவில்லை.

“இங்க யாரு பாத்திரத்துல வைக்கிறாங்க? குக்கர்ல ரெண்டு விசில் கூட விட்டா ஆச்சு.”

குக்கரிலும் வைத்தேன். எட்டு விசில். மேலே கரைந்துவிட்டது, உள்ளே மணல் மாதிரி நிற்கிறது.

“கூட நாலு விசில் விடுற கேஸ் யாரு வீட்டுது சார்?”

அவர் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். “ஆன்ட்டி, இது சாப்பிட்டா யாரும் சாகப்போறதில்ல.”

உன்னை நினைத்துக்கொண்டேன். பாத்திரம் கழுவினேன். ஆறு பாத்திரம், ஒரு குக்கர்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை உப்புமா. மத்தியானம் புளிக்குழம்பு. பொட்டு இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

சின்னண்ணாச்சி போன் பண்ணினார். பெரியண்ணாச்சியின் மகன். அவர் இறந்து நாலு வருசத்தில் நாலு கடையைப் பன்னிரண்டு ஆக்கினவர். கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“பேச்சியக்கா, ஒடம்பு எப்படி இருக்கு? அந்த ஊரு ஒத்துக்கிடுச்சா?”

“ஒடம்பு ஒத்துக்கிடுச்சு அண்ணாச்சி. பருப்புதான் ஒத்துக்கிடல.”

சிரித்தார். பிறகு சிரிப்பு இல்லாமல் பேசினார். அத்தனை மூட்டையும் வாங்கியாகிவிட்டது. விலை போட்டு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. முதல் வாரத்தில் கூட்டம் உள்ளே வரவில்லையானால் இந்த ஊரில் பிறகு ஒருத்தனும் வர மாட்டான். “தொறப்பு மட்டும் முடியட்டும்க்கா. இந்த லோடு தீர்ந்ததும் நம்ம சரக்குக்கு மாத்திருவோம். ஒரே ஒரு தடவ கண்ண மூடிக்கங்க.”

“கண்ண மூடலாம் அண்ணாச்சி. பல்லு தெரிஞ்சுக்கிடும்ல.”

அப்புறம் இன்னொன்று சொன்னார், மெதுவாக. “அப்புறம்க்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அம்மாவும் சொன்னாக. நல்ல காரியம் தொடங்குறோம். இந்த ஒரு தடவ பொட்ட நீங்க வைக்க வேணாம். மாரிக்கனி வைக்கட்டும்.”

புரிந்துவிட்டது. பொட்டு இல்லாத நெற்றிக்காரி மூட்டைக்குப் பொட்டு வைக்கக் கூடாதாம். பதினேழு வருசமாக அந்த விரலில் என்ன இருந்ததோ அதேதான் இப்பவும் இருக்கிறது. வேகிறதா வேகலையா என்று என் நெற்றியைப் பார்த்தா பருப்பு முடிவு பண்ணுகிறது?

ராத்திரி இட்லிக்கு மாவு ஆட்டினேன். கிரைண்டர் சத்தத்தில் கொஞ்சம் அழுதேன். கொஞ்சம்தான். எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாரிக்கனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள்.

“அத்தே, மேனேஜர் என்னைய வைக்கச் சொல்றாரு. நான் வைக்கட்டுமா?”

“வெந்துச்சா?”

“நான் எங்கத்தே வேகவச்சேன். எனக்குச் சுடுதண்ணியே ஒழுங்கா வைக்கத் தெரியாது.”

“அப்ப வைக்காத.”

“வைக்கலைன்னா ஊருக்கு பஸ் ஏத்திருவாராம். எங்க அண்ணன் கல்யாணம் இருக்கு அத்தே.”

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே சொன்னேன். “வேகாததுக்குப் பொட்டு வச்சா ஒருத்தி. என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்.”

“யாரு அத்தே?”

“உனக்குத் தெரியாதவ.”

சாயங்காலம் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்த மாரிக்கனி, சோற்றைக் கையில் எடுக்காமல் கரண்டியால் தின்றாள். ஆள்காட்டி விரல் மஞ்சளாக இருந்தது. அவளுக்கு இரண்டாவது தரம் ரசம் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ரப்பர் பேண்டு நைந்துவிட்டது. புதுசு மாற்றினேன். பிரித்துப் பார்க்கவில்லை.

மூட்டை இறக்கும்போது நீ போனாய். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கேட்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். பொய் இல்லை. முழுசும் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளைக்குத் திறப்பு. ராசாமணி ஸ்டோர் எந்த ஊரில் கடை திறந்தாலும் முதல் நாள் வருகிறவர்களுக்கெல்லாம் பருப்புச் சோறும் நெய்யும். கடையில் விற்கிற பருப்பு, கடையில் விற்கிற அரிசி. அதுதான் பெரியண்ணாச்சி போட்ட பிள்ளையார் சுழி. பந்தல் போட்டாகிவிட்டது. முந்நூறு பேருக்குச் சமைக்க வேண்டும்.

நரேன் சார் ஒரு மூட்டையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். விருதுநகர்ப் பருப்பு. நம் பருப்பு. பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது.

“இது நாளைக்கு உங்க சமையலுக்கு ஆன்ட்டி. சாப்பாடு சூப்பரா இருக்கணும்.”

“விக்கிறதும் இதா?”

“விக்கிறது அது. சாப்பாடு இது. ஒரு வாரம்தானே.”

திங்க ஒன்று, விற்க ஒன்று. நம் அடுப்புக்கு இப்படி ஒரு வேலை வந்திருக்கிறது, வண்டு.

மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று முடிவு பண்ணிவிட்டேன். வேலை போகும். அறை போகும். இரண்டு சேலை, இந்த டைரி, உன் குத்தூசி. இதைத் தூக்கிக்கொண்டு போக ஒரு கட்டைப் பை போதும். பையை எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எழுத முடியவில்லை. நாளைக்கு.

ஆகஸ்ட் 30, சனி

இப்போது சொல்கிறேன்.

நேற்று விடிந்ததும் கடைக்குப் போய், அலமாரியில் அடுக்கி வைத்திருந்த துவரம்பருப்பு பாக்கெட் நாற்பது எடுத்துவந்தேன். காவல்காரர் கேட்டார். “சமையலுக்கு” என்றேன். உண்மைதானே. நரேன் சார் தந்த மூட்டையைப் பிரிக்காமல், மஞ்சள் பொட்டைக் கிழித்துக் கிழித்துப் பெரிய அண்டாவில் கொட்டினேன். ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைத்தேன். பக்கத்து அடுப்புக்கு நம் ஊர்ப் பாசிப்பருப்பை ஊறப்போட்டுத் தயாராக வைத்தேன். வந்த சனத்தைப் பட்டினி போடுவதற்கு நான் ஒன்றும் பைத்தியக்காரி இல்லை.

ஒன்பதரைக்கு நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும். ஒன்பது மணிக்கே பந்தலில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது. பாதிப் பேர் நோட்டீசைக் கையில் வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் கொதித்த பருப்பு, போட்டது போட்டபடி துள்ளிக்கொண்டிருந்தது.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு பூக்காரம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னாமா, பருப்பு வேவுதா, இல்ல அடுப்பாண்ட நின்னு நீ வேவுறியா?”

“நான் வெந்துட்டேன். பருப்புதான் வேகல.”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நரேன் சார் ஓடிவந்தார். அண்டாவைப் பார்த்தார், கிழித்துப் போட்ட பாக்கெட்டைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. “ஆன்ட்டி, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“கடைச் சரக்குல சோறு ஆக்கியிருக்கேன் சார். அதுதான வழக்கம்.”

சின்னண்ணாச்சி வந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை. கரண்டியில் நாலு பருப்பை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். “நசுக்கிப் பாருங்க அண்ணாச்சி.”

நசுக்கினார். வழுக்கிப் போய் வேட்டியில் விழுந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “ஊரு முன்னால என்னக்கா இது?”

“ஊரு முன்னாலதான விக்கப் போறீங்க.”

அப்போதுதான் அந்த வார்த்தையை விட்டார். “உங்க வீட்டுக்காரரு சிவகாசிக் கடைக்குச் சாம்பிள மாத்தி எடுத்து, கல்யாண வீட்டுச் சாம்பாரே நாறிப் போச்சு. அத நாங்க தாங்கிக்கிடலையா? ஒரு வார்த்த உங்ககிட்ட கேட்டுருப்பமா? இப்ப நீங்க எங்களுக்கு நியாயம் சொல்றீங்களா?”

வண்டு, நான் அதைச் சொல்லவேண்டும் என்று போகவில்லை. பருப்பைப் பற்றி மட்டும் பேசத்தான் போனேன். உன் பேரை இழுத்ததும் வாய் தானாகத் திறந்தது.

“அவரு மாத்தல” என்றேன். “சரியான பிடியத்தான் கொண்டாந்து கொடுத்தாரு. நான்தான் உலையே வைக்கல. என்னையக் கேக்காம மெட்ராஸ் போறேன்னு ஒங்ககிட்ட ஒத்துக்கிட்டாருன்னு கோவத்துல செவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தேன். மத்தியானம் வந்து கேட்டாரு. வேகவைக்காமயே பொட்டு வச்சு நீட்டுனேன். பதினேழு வருசத்துல அந்த ஒண்ணு. அந்த ஒண்ணுதான் சிவகாசிக்குப் போச்சு. நீங்க அத்தன பேரு முன்னால அவரத் திட்டுனப்ப நான் மெஸ் சன்னல் கிட்டதான் நின்னேன். ‘நான்தான் சாம்பிள மாத்திட்டேன் அண்ணாச்சி’ன்னாரு. நான் வாயத் தொறக்கல. திரும்பி வந்த அம்பத்தெட்டு மூட்டையையும் ஒத்தையா நின்னு எறக்குனாரு. கூலியாளு கைய வைக்க வந்தப்ப, ‘என் தப்பு, நானே எறக்குதேன்’னாரு. நாப்பத்தி மூணாவது மூட்டையில சாஞ்சாரு. எண்ணிக்கிட்டுதான் நின்னேன்.”

அடுப்பு உஸ் என்று எரிந்தது.

“வேகாததுக்குப் பொட்டு வச்சா என்ன ஆகும்னு இந்த ஊருல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. இன்னொரு தடவ வைக்க மாட்டேன். நீங்களும் வைக்கக் கூடாது. அனுப்புறதுன்னா அனுப்புங்க. பை கட்டித்தான் வச்சுருக்கேன்.”

சின்னண்ணாச்சி மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். “சாம்பிள் மாத்துற ஆளா அவருன்னு அன்னைக்கே எனக்கு ஒரு நிமிசம் தோணுச்சுக்கா” என்றார். “தோணியும் திட்டுனேன்.” அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். பாசிப்பருப்பை ஏற்றினேன். இருபது நிமிசத்தில் வெந்தது, தங்கமான பிள்ளை அது. சோறு போட்டோம், நெய் ஊற்றினோம். கடையைத் திறந்தபோது துவரம்பருப்பு அலமாரி காலியாக இருந்தது. பையன்கள் அள்ளிக் குடோனில் போட்டுவிட்டார்கள். வாசலில் விலை எழுதுகிற பலகையைச் சின்னண்ணாச்சியே அழித்துவிட்டு எழுதினார்: ‘துவரம்பருப்பு வேகவில்லை. ஆகவே விற்பனைக்கு இல்லை.’

நோட்டீசைக் காட்டிச் சண்டை போட்டவர்களும் உண்டு. ஏமாற்றுக் கடை என்று ஒருத்தர் கத்திவிட்டுப் போனார். மற்றவர்கள் பலகையைப் போட்டோ பிடித்தார்கள். எல்லாச் சாமானும் நம்மிடம் வாங்கிக்கொண்டு, பருப்புக்கு மட்டும் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்கள். நரேன் சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “என் சர்வீஸ்ல போட்டிக் கடைக்கு நாமளே ஆள் அனுப்பி வச்சது இதான் ஆன்ட்டி முதல் தடவை.”

“பருப்பு வாங்கிட்டுத் திரும்பி இந்தப் பக்கந்தான சார் வரணும். பஸ் ஸ்டாப்பு இங்கதான இருக்கு.”

பூக்காரம்மா போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். “உன் பருப்பு வெந்தா சொல்லியனுப்பு. அப்ப வர்றேன்.”

செப்டம்பர் 1, திங்கள்

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு பேருக்கும் சமைத்தேன். மாரிக்கனி மட்டும் என் பின்னாலேயே சுற்றுகிறாள். “அத்தே, பருப்பு வேகவைக்கக் கத்துக்குடுங்க” என்றாள். முதலில் வெந்நீர் வை என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

மத்தியானம் ஊரிலிருந்து லாரி வந்தது. துவரம்பருப்பு. சின்னண்ணாச்சி தானே ஒரு பிடி கொண்டுவந்தார், பேப்பரில் பொட்டலம் கட்டி. கட்டத் தெரியவில்லை. வழியெல்லாம் சிந்தியிருந்தது. ஸ்டூலைப் போட்டு அடுப்புக்கு எதிரேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு நிமிசம். அவர் கையிலேயே நசுக்கினார். மாவாகப் போய்விட்டது.

பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். “வைங்கக்கா.”

“ஒங்க அம்மா?”

“அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

மஞ்சளைக் குழைத்தேன். வைத்தேன். அவரிடம் உன் குத்தூசியை எடுத்துக் கொடுத்தேன். “இனிமே பிடி எடுக்குறவரு இதுல எடுக்கணும்” என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பூக்காரம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

கட்டைப் பையைப் பிரித்துச் சேலையைக் கொடியில் போட்டேன். பிறகு டைரியை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.

உன் கையெழுத்து. கோழி கிளறின மாதிரி. ஜனவரி 2, உளுந்து, வெந்தது. ஜனவரி 7, பச்சரிசி, வெந்தது. ஜனவரி 11, கடலைப்பருப்பு, வேகலை, திருப்பி. ஜனவரி 18, தட்டாம்பயறு, வெந்தது. ஒவ்வொரு வரியிலும் நான் சொன்னதை எழுதியிருக்கிறாய்.

ஜனவரி 22. துவரம்பருப்பு, 60 மூட்டை, சிவகாசி. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெந்தது என்றும் இல்லை, வேகலை என்றும் இல்லை. மறுநாளிலிருந்து திரும்ப எல்லா வரியும் முழுசாக இருக்கிறது.

இத்தனை மாசமாக நான் பயந்தது ஒன்றுக்குத்தான். நிஜமாகவே நீதான் பிடியை மாற்றிவிட்டாய் என்று நம்பிக்கொண்டே, செய்யாத தப்புக்கு வெட்கப்பட்டுக்கொண்டே நாற்பத்து மூன்று மூட்டையையும் சுமந்தாயோ என்று. அன்றைக்கு நான் நீட்டின பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நீ நேரே வாசலுக்குப் போகவில்லை. அடுப்பு மேடைப் பக்கம் போனாய். அங்கே பானையில் தண்ணீர் மொண்டு குடித்த சத்தம் கேட்டது. மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் நீ எப்போதும் குடிப்பாய். அடுப்பே பற்றவைக்காத மேடை ஜில்லென்று இருந்திருக்கும்.

திரும்பி என்னைப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அந்த வரியை மட்டும் ஏன் வண்டு எழுதி முடிக்காமல் விட்டாய்?